சாந்தம் இனத்து மாடுகள்

என் வீட்டுக்காரர் மயில்சாமியை மாடு கொன்றுவிட்டது என்று கம்பெனியில் முதலில் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்து, மாட்டின் மேலும் தப்பில்லை, 'தன் கவனக்குறைவால் உயிரிழந்தார்' என்று திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். மாட்டுக்கு வக்காலத்து வாங்க ஆள் இருந்தது, மனுஷனுக்கு இல்லை. அந்தத் தாளை நான் பெட்டியில் மடித்து வைக்கவில்லை. சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, தினமும் அடுப்புப் பற்றவைக்கும்போது படித்தேன். அதில் கையெழுத்துப் போட்ட கம்பெனி விஞ்ஞானி டாக்டர் நவநீதன் கோர்ட்டில் கூண்டேறி, அந்த ஒரு வரி பொய் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாங்கள் வேலை பார்த்த மாட்டுக்கறிக் கம்பெனி பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில், வாடல் நோயில் பட்டுப்போன இருநூறு ஏக்கர் தென்னந்தோப்பை வாங்கி வந்து உட்கார்ந்தது. நம் ஊர் ஓங்கோல் மாடு எந்தக் காலத்திலோ கப்பலேறி அமெரிக்கா போய், அங்கே வேறு மாடுகளோடு கலந்து, பிராமன் என்று பேர் மாற்றிக்கொண்டு கறிமாடாக வளர்ந்ததாம். அதன் வெயில் தாங்கும் தோலையும், ஆங்கஸ் மாட்டின் மெத்தென்ற கறியையும், பெல்ஜியத்து மாட்டின் புடைத்த தொடையையும் சேர்த்து நவநீதன் ஒரு புது இனத்தை உருவாக்கியிருந்தார். அதுவரைக்கும் செய்ய வேறு ஆட்களும் இருந்தார்கள். இவர் கூடுதலாகச் செய்தது ஒன்று. கருவிலேயே மரபணுவைத் திருத்தி, மாட்டின் பயத்தை எடுத்துவிட்டார். அதற்கு 'சாந்தம்' என்று பேரும் வைத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து அவரே விளக்கினார். நல்ல குரல், சிரித்த முகம். அன்றைக்கு எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி மாடு பயந்துட்டா உடம்புல இருக்கற சர்க்கரையெல்லாம் எரிஞ்சு போயிடும். கறி கருத்து, பிசுபிசுன்னு ஆயிடும். வெளிநாட்டுல அதை எவனும் தொடமாட்டான். நூறு மாட்டுல பத்து இப்படித்தான் வீணாப் போகுது. சாந்தத்துல ஒண்ணுகூட வீணாகாது. சாகற நிமிஷம் வரைக்கும் அசைபோட்டுட்டே இருக்கும்."

என் பக்கத்தில் இருந்த ஒருத்தி எழுந்து, பயமில்லாத மாட்டை எப்படிங்க ஓட்டுவது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். ஓட்டவே வேண்டாம், அதுவே நடந்து வரும் என்றார் அவர். நடந்துதான் வந்தது.

எனக்குக் கறியின் நிறம் பார்க்கிற வேலை. வெட்டுக்கூடத்தில் தொங்கும் ஒவ்வொரு தொடையிலும் ஊசிமுனைக் கருவியைச் செருகிப் புளிப்பு அளவு பார்த்து, சிவப்பா கறுப்பா என்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்தில் நான் கறுப்பு என்று சொன்னதே இல்லை. மயில்சாமிக்குப் பட்டியிலிருந்து மாடுகளைச் சந்து வழியாக ஏற்றிவிடும் வேலை. சந்து என்பது இருபக்கமும் இரும்புக் குழாய் அடித்த, ஒரு மாடு மட்டும் போகிற அகலத்துப் பாதை. அவர் பதினைந்து வயதிலிருந்து பொள்ளாச்சிச் சந்தையில் கேரளத்து லாரிகளுக்கு மாடு ஏற்றியவர். மாடு முரண்டு பிடித்தாலோ முந்திக்கொண்டு வந்தாலோ சந்தைக்காரர்கள் தடியெடுக்க மாட்டார்கள். நேரே முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கி, தொண்டையிலிருந்து ஒரு "ஹோவ்" போடுவார்கள். எந்தக் கொம்பு வைத்த காளையும் நின்றுவிடும். மாடு ஆளைக் கண்டு பயப்படும் என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கிற தொழில் அது. அந்தப் பழக்கம் கையிலேயே ஊறிப்போயிருந்தது, தூக்கத்தில்கூடச் சில சமயம் கையைத் தூக்குவார்.

சாந்தம் நிற்காது. அதற்கு ஆள் என்றால் வழியில் கிடக்கிற வைக்கோல் மாதிரி. கோபமும் கிடையாது, முட்டவும் செய்யாது, வெறுமனே மேலே நடந்து போகும். ஆரம்பத்தில் இரண்டு பேருக்குக் கால் நசுங்கியது. அதற்குப் பிறகு சந்துக்குள் இறங்கவே ஆட்கள் தயங்கினார்கள். வேலை பாதியாகக் குறைந்தது. மயில்சாமியும் வீட்டுக்கு வந்து, "அந்த மாட்டோட கண்ணப் பாத்தா ஓடிரலாம்னு இருக்குது துளசி. உள்ள ஆளே இல்லாத வீடாட்ட இருக்குது" என்பார். நான்தான், இருக்கிற வேலையை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். அப்புறம் ஒரு மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அவரும் பழையபடி சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பழகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்குச் சந்துக்குள் ஒரு மாடு தன் முறை வருமுன்னே நுழைந்து வந்தது. மயில்சாமி பழக்க தோஷத்தில் முன்னால் போய்க் கையைத் தூக்கி நின்றார். எண்ணூறு கிலோ மாடு அவரை இரும்புக் கதவோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கதவு திறக்கும்வரை பொறுமையாக நின்றது. நான் வெட்டுக்கூடத்திலிருந்து ஓடிப்போனபோதும் அது அசைபோட்டுக்கொண்டுதான் இருந்தது.

கூட வேலை செய்த கருப்புசாமி எல்லாவற்றையும் பார்த்தவன். சாவு வீட்டில் என் எதிரே உட்கார்ந்து அவன் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான். "ஆள் நழுவறதுக்கு ஓரத்துல எடம் விட்டிருக்குதுங்கக்கா, ரெண்டே அடி. கைய இறக்கிட்டு நழுவிருக்கலாம். மாடு மேல வந்து படற வரைக்கும் மாமா நகரவே இல்லீங்க." கம்பெனியும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. நழுவ இடம் இருந்தும் நழுவாதது கவனக்குறைவு இல்லாமல் வேறென்ன?

காரியம் முடிந்த மறுநாள் எனக்கு மேற்பார்வையாளர் பதவி கொடுத்தார்கள். நாத்தனார் வசந்தாமணி கொதித்துப்போய், "அவன் ரத்தம் காயல, அந்த நாய்க கிட்டயே போய் நிக்கிறயா?" என்று கேட்டாள். நிற்கத்தான் போனேன். வெளியே இருந்து கல்லெறிந்தால் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், நான் என் கஞ்சியை ஆறவிடவில்லை.

அந்த நாட்களில் என்னிடம் ஒரு மாறுதல் இருந்ததை வசந்தாமணிதான் முதலில் பார்த்தாள். எனக்கு ஏழு வயதில் ஒரு மகள், தன்ஷிகா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறி, உச்சிப்படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "இறங்கு கண்ணு" என்றேன். அடுத்த துணியை உதறினேன். வசந்தாமணி அலறியடித்து ஓடிவந்து பிள்ளையை இறக்கி, என்னைக் கன்னத்தில் அறைந்தாள். எனக்கு அவள் ஏன் அப்படி நடுங்குகிறாள் என்று நிஜமாகவே புரியவில்லை. துக்கத்தில் மனசு மரத்துப்போயிற்று என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆடியில் வளைகுடா நாட்டிலிருந்து கறி வாங்குகிறவர்கள் பதினாறு பேர் வந்தார்கள். கூடவே பத்திரிகைக்காரர்கள். கம்பெனியின் தலையெழுத்தே அன்றைக்குத்தான் என்று நவநீதன் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எதிரே பட்டிக்குள் சரவெடி கொளுத்திப் போட்டார். இருபது மாடுகளும் தீவனத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. விருந்தாளிகள் கை தட்டினார்கள். இனி சந்து வழியாக இவை தாமாகவே வரும், பாருங்கள் என்று பட்டிக் கதவைத் திறக்கச் சொன்னார்.

நான் கதவுக்கு அந்தப் பக்கம் இறங்கிச் சந்தின் நடுவில் போய் நின்றேன். இந்த மாடுகள் சாது அல்ல, நிற்கத் தெரியாதவை என்பதை ஊர் பார்க்க வேண்டும். என் புருஷன் நின்ற இடத்தில், அவர் நின்ற மாதிரியே நின்றேன்.

நவநீதன் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது. "துளசிமணி, வெளிய வாங்க" என்றார். முதல் மாடு சந்துக்குள் நுழைந்துவிட்டது. நான் கையைத் தூக்கினேன், அது வந்தது. அதன் மூக்கில் ஈரம் படிந்திருந்ததும், இடது காதில் கட்டியிருந்த அட்டையின் மூலை கிழிந்திருந்ததும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வெங்காயம் உரிக்கும்போது இருக்கிற மாதிரி அவ்வளவு நிதானமாக இருந்தேன். கதவோடு சேர்த்து முழுசாக நசுக்குவதற்குள் கருப்புசாமி ஓடிவந்து குறுக்குத் தடுப்பை இறக்கிவிட்டான். எனக்குக் காறை எலும்பும் மூன்று விலா எலும்பும் இடுப்பும் உடைந்தன. வளைகுடாக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் என் படம். ஊரெல்லாம் என்னைத் துணிச்சல்காரி என்றது. படுக்கையில் கிடந்தபடி அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மயில்சாமிக்காக நான் பயத்தை விழுங்கிவிட்டு நின்றதாக நானும் நம்பினேன்.

கோவை ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டர் ரிஸ்வானாவுக்குத்தான் அது பிடிபடவில்லை. முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. மூன்றாம் நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்களத் தூக்கிட்டு வந்தப்ப நாடி எழுபத்தி ரெண்டுங்க. ரத்த அழுத்தம் சாதாரணம். இத்தனை எலும்பு ஒடைஞ்சு வர்றவங்களுக்கு அப்படி இருக்காது. உங்க பண்ணையிலிருந்து இந்த வருஷம் நீங்க நாலாவது ஆளு. ஒருத்தர் கூரையிலிருந்து விழுந்தவர், ஒருத்தர் ஓடற மெஷின்ல கையை விட்டவர். எல்லாரும் உங்களாட்டமே அமைதியா இருந்தாங்க."

நான் துக்கம் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. என்னென்னவோ படங்களைக் காட்டினாள், ஒயர்களை மாட்டினாள், திடீரென்று காதருகே சத்தம் போட்டாள். தலையை ஸ்கேன் எடுத்தாள். கடைசியில் கம்பெனியில் ஏதாவது ஊசி போட்டார்களா என்று கேட்டாள்.

போட்டார்கள். ஆட்கள் சந்துக்குள் இறங்கத் தயங்கிய அந்த மாதம்தான், மாட்டிலிருந்து மனுஷனுக்குத் தொற்றும் காய்ச்சலுக்குத் தடுப்பூசி என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் போட்டார்கள். ஊசிக்குப் பிறகு ஆளுக்கொரு டம்ளர் பாலும் கொடுத்தார்கள்.

"மூளைக்குள்ள பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு எடம் இருக்குங்க. பயம் அங்கதான் பிறக்குது. அதை அணைச்சு வெச்சிருக்காங்க. மாட்டுக்குக் கருவுலயே செஞ்சதை உங்களுக்கு ஊசியில செஞ்சிருக்காங்க." ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டாள். பிறகு, "வேலி போடறதவிட இது சுலபம்னு நெனச்சிருப்பாங்க" என்றாள்.

கருப்புசாமியை வரச் சொல்லி, அவனுக்கு ஊசி போட்டார்களா என்று கேட்டேன். "அந்த வாரம் எனக்கு மஞ்சக்காமாலைங்கக்கா. லீவுல இருந்தேன்" என்றான். சந்துக்குள் இறங்க இன்றைக்கும் கால் நடுங்குகிற ஒரே ஆள் அவன்தான். அந்த நடுக்கம்தான் ஓடிவந்து தடுப்பை இறக்கி என்னைக் காப்பாற்றியது.

அவன் போன பிறகு நான் அழுதேன். மயில்சாமி நின்றது பழக்கத்தால்தான். ஆனால் மாடு நிற்காது என்று தெரிந்த அந்தக் கடைசி நொடியில், எந்த மனுஷனையும் பிடித்துத் தள்ளுகிற ஒன்று அவரைத் தள்ளவில்லை. அதைத் திருடிவிட்டுத்தான் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் நான் காட்டிய துணிச்சலும் என்னுடையது இல்லை, அவர்கள் போட்ட சரக்கு. அதை நினைக்க நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது.

ஆனால் ஒன்று. பயத்தை எடுத்தவர்கள் கோபத்தை எடுக்க மறந்துவிட்டார்கள்.

ஊசி போட்டுக்கொண்டவர்கள் முப்பத்தொரு பேர். பன்னிரண்டு பேர் சேர்ந்து வழக்குப் போட்டோம். முதல் இரண்டு வாய்தாவில் கம்பெனி வக்கீல் எங்களை என்னென்னவோ மிரட்டிப் பார்த்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பயப்படத் தெரியாத பன்னிரண்டு பேரை எப்படி மிரட்டுவது? கம்பெனி செய்த வினையே கம்பெனியைச் சுற்றிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குத் தித்திப்பாக இருந்தது.

பிறகு ஒரு நாள் காலை நவநீதன் என் வீட்டுக்கு வந்தார். நான் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்திருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஊசிக்கு மாற்று கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். இன்னொரு ஊசி, மூன்று வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும், நிபந்தனை எதுவும் இல்லை, கையெழுத்துகூட வேண்டாம். டாக்டர் ரிஸ்வானாவும் அதைச் சோதித்துப் பார்த்துச் சரி என்றுதான் சொன்னாள்.

அவர் நிபந்தனை போடாததன் காரணம் எனக்குத் தெரியும். ஏற்கெனவே பதினோரு பேர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், தம்மிடமிருந்து திருடியதைத்தான் அவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மூன்று வாரம் கழிந்ததும் ஒவ்வொருவராக வக்கீல் நோட்டீசைப் பார்த்து நடுங்கினார்கள். பிள்ளைகளை நினைத்தார்கள், வேலையை நினைத்தார்கள். கடைசியில் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். நான் விலகினால் வழக்கே இல்லை, சுவரில் ஒட்டியிருக்கிற தாள்தான் உண்மையாகும்.

"உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா சார்?" என்று கேட்டேன்.

"தூக்கமே வர்றதில்லம்மா" என்றார்.

"இருக்கட்டுங்க. தீர்ப்பு வரட்டும். அப்புறம் நானே வந்து ஊசி போட்டுக்கறேன்."

"உங்க குழந்தையை நினைச்சுப் பாருங்க. இந்த நிலைமையில ஒரு குழந்தையை வளர்க்கறது ஆபத்து." அவர் சொன்னது பொய்யில்லை. அதைச் சொல்ல அவருக்கு என்ன தகுதி என்று கேட்டு, வாசலைக் காட்டினேன்.

ஆனால் உண்மை உண்மைதானே. போன வாரம் தன்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆனைமலை ரோட்டைக் கடந்தேன். லாரி வருவது தெரிந்தது. தெரிந்தும் கால் வேகமாகப் போகவில்லை. லாரிக்காரன்தான் பிரேக் போட்டான். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் உதறி நின்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு தாய்க்கு அந்த இடத்தில் வர வேண்டியது எனக்கு வரவில்லை.

தீர்ப்பு வர இரண்டு வருஷமாகலாம், நான்கும் ஆகலாம். ஒன்று மகளைக் காக்க வேண்டும், இல்லையென்றால் அவள் அப்பாவின் பேரைக் காக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்ய என்னால் முடியாது. வசந்தாமணியைக் கூப்பிட்டு, தீர்ப்பு வரும்வரை பிள்ளையை உடுமலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பிள்ளையின் துணிகளை எடுத்து வைத்தாள். போகும்போது மட்டும், "அந்த நவநீதன விட்றாத துளசி" என்றாள்.

பஸ் ஏறுவதற்கு முன் தன்ஷிகா என் கையை விடவில்லை.

"நான் இல்லாம நீ தனியா இருப்பியே. உனக்குப் பயமா இருக்காதாம்மா?"

ஆமாம் கண்ணு, பயமாகத்தான் இருக்கும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு வேண்டியிருந்ததும் அந்தப் பொய்தான். எனக்கு அது சரியான நேரத்துக்குத் தோன்றவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவள் முகம் அப்படியே மாறிப்போய், அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பஸ் திருப்பம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

வருகிற பதினாலாம் தேதி அடுத்த வாய்தா. அந்த அழுகைக்கும் சேர்த்துத்தான் நவநீதனைக் கூண்டில் ஏற்றப் போகிறேன்.